ஹெட் யூனிட் (சைக்கிள் ஹேண்டில்பார்ல மாட்டற கம்ப்யூட்டர்) எது வாங்கலாம்? கார்மின், வாஹூ, கோரோஸ், கரூ... ட்ரையத்லான் பண்றவங்களுக்கான அலசல்

போன ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல ரைடு முடிச்சுட்டு கோவளம் பக்கம் டீ குடிச்சுட்டு நின்னப்போ குரூப்புக்கு புதுசா வந்த தம்பி ஒருத்தன் கேட்டான், "அக்கா, கோவா 70.3 ட்ரையத்லானுக்கு பேர் குடுத்துட்டேன், கார்மின் எட்ஜ் 840 வாங்கட்டுமா, வாஹூ போல்ட் வாங்கட்டுமா, இல்ல கைல இருக்க வாட்ச்சே போதுமா?"ன்னு. அங்க நின்ன ஆறு பேரும் ஆறு பதில் சொன்னாங்க, அவங்கவங்க ஹேண்டில்பார்ல எது மாட்டியிருக்கோ அதைத்தான் நல்லதுன்னாங்க. பையன் முன்னைவிட குழம்பிப் போய்ட்டான். அவனுக்கு வாட்ஸ்அப்ல எழுத ஆரம்பிச்சது நீளமாயிடுச்சு, சரி எல்லாருக்குமே இருக்கட்டும்னு இங்க போடறேன்.

முதல்ல வாட்ச் போதுமாங்கற கேள்வி. ட்ரெய்னிங்ல சாதா ரோடு பைக்ல போறவங்களுக்கு சமாளிச்சுக்கலாம், ஆனா ஏரோபார்ல (முன்னால நீட்டிட்டு இருக்கற, முழங்கையை ஊன்றி குனிஞ்சு ஓட்டற பார்) படுத்துட்டா ரெண்டு மணிக்கட்டும் உள்பக்கமா திரும்பிடும், வாட்ச் முகம் வெளிப்பக்கம் பாக்கும், நம்பர் பாக்கணும்னா ஒரு கையை எடுத்து திருப்பணும், 35 கிலோமீட்டர் ஸ்பீடுல எதிர்காத்துல அதை 90 கிலோமீட்டருக்கு பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. ஹாண்டில்பார்ல வாட்ச்சை கட்டிக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க, அப்படி கட்டினா கைல எடுக்கற ஹார்ட் ரேட் போயிடும், டி2-ல (சைக்கிள்லேந்து ஓட்டத்துக்கு மாறற இடம்) அவுத்து திரும்ப கைல மாட்டறதுக்குள்ள ஓட்டத்துல இருக்க வேண்டிய மனசு எங்கேயோ போயிடும்.

இப்ப முக்கியமான விஷயம். 70.3-னா பாதி அயர்ன்மேன் தூரம், 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். மிராமார் கடல்லேந்து வெளிய வந்து சைக்கிள் ஏறுற அந்த நேரம் நெஞ்சு படபடன்னு இருக்கும், சுத்தி எல்லாரும் பறப்பாங்க, காலும் லேசா இருக்கற மாதிரியே தோணும். நான் முதல் வருஷம் உடம்பு சொல்றதை கேட்டு ஓட்டலாம்னு கம்ப்யூட்டரை பாக்காம முதல் 30 கிலோமீட்டர் ஓட்டினேன், ரேஸ் முடிஞ்சு ஃபைலை திறந்து பாத்தா போட்ட திட்டத்தைவிட ரொம்ப மேல போயிருக்கேன், அதோட விலையை ஓட்டத்துல 8-வது கிலோமீட்டர்லேந்து நடந்து குடுத்தேன். அதனால என்னைப் பொறுத்தவரை ட்ரையத்லானுக்கு ஹெட் யூனிட் வாங்கறது வேகமா போக இல்லை, முதல் ஒரு மணி நேரம் நம்மள புடிச்சு வைக்கத்தான். வெயில்ல, வியர்வைல, படுத்த நிலைல, ஒரு நம்பர் சட்டுன்னு கண்ல படணும், தப்பா எதையும் அமுக்கிடாம இருக்கணும். இந்த ரெண்டுல எது தேறுதுன்னு வெச்சுத்தான் கீழ ஒவ்வொண்ணையும் பாக்கறேன்.

பட்டனா டச்சாங்கறதுலேந்து ஆரம்பிப்போம். என்கிட்ட முன்னாடி டச்சை மட்டும் நம்பி இருக்கற ஒரு பழைய மாடல் இருந்தது. ஜூன் மாசம், முட்டுக்காடு பாலம் தாண்டி இன்டர்வெல் (கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவான்னு மாத்தி மாத்தி ஓட்டற பயிற்சி) பண்ணிட்டிருக்கேன், ஹெல்மெட் பேடுலேந்து வியர்வை சொட்டு சொட்டா திரை மேல விழுது, ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கம் தானா மாறுது, பவர் (பெடல்ல நாம போடற உழைப்பு, வாட்ஸ்ல) காட்டற பக்கத்துலேந்து மேப்புக்கு, மேப்லேந்து ஏத்தம் காட்டற பக்கத்துக்கு. துடைக்கலாம்னு கையை வெச்சா சன்ஸ்க்ரீன் பிசுபிசுப்புல இன்னும் மோசம், கடைசில இன்டர்வெல் எப்ப முடிஞ்சதுன்னே தெரியலை. இந்த ஊர் புழுக்கத்துல ட்ரெய்னிங் பண்றவங்க இதை ஒரு தடவையாவது பட்டிருப்பாங்க. அதனால பட்டன் கண்டிப்பா வேணும், டச் கூட இருந்தா மேப்பை நகர்த்த வசதி, அவ்வளவுதான்.

இந்தக் கணக்குல கார்மின் எட்ஜ் 540-உம் 840-உம் பாருங்க. ரெண்டும் 2023 ஏப்ரல்ல ஒண்ணா வந்தது, திரை ரெண்டுக்குமே 2.6 இன்ச், மல்டி பேண்ட் ஜிபிஎஸ் ரெண்டுலயும் உண்டு, பேட்டரி எல்லாம் ஆன்ல வெச்சு ஓட்டினா 26 மணி நேரம்னு கம்பெனி சொல்லுது. 540 முழுக்க பட்டன், 840-ல பட்டனோட டச்சும் இருக்கு, வந்தப்போ ரெண்டுக்கும் நடுவுல 100 டாலர் வித்தியாசம். அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல டயர் போடலாம்ங்கறது என் கணக்கு. 540-ல மெனுக்குள்ள போறதுக்கு பட்டன் நிறைய அமுக்கணும், அது உண்மைதான், ஆனா செட்டிங் எல்லாம் வீட்ல ஒக்காந்து பண்ற வேலை, இப்ப ஃபோன் ஆப்லயே நிறைய பண்ணலாம். ரோட்டுல நமக்கு வேண்டியது லாப் பட்டன் (ரைடை பகுதி பகுதியா பிரிச்சு பதியறது) ஒண்ணுதான், அது ஹேண்டில்பார் பக்கமா கீழயே இருக்கு, கிளவுஸ் போட்ட விரல்லயும் தெரியும்.

2025 செப்டம்பர்ல 550, 850-ன்னு புதுசு வந்திருக்கு, திரை ஃபோன் மாதிரி பளிச்சுன்னு இருக்கு, மேப் அழகா தெரியுது. ஆனா அந்த வெளிச்சத்துக்கு பேட்டரிதான் பலி, முழு வேலை வாங்கினா 12 மணி நேரம்னு குறைஞ்சிருக்கு. 70.3-க்கு அது தாராளம், முழு அயர்ன்மேன்ல 180 கிலோமீட்டருக்கும் போதும். பழைய 540-ஓட திரை வெளிச்சத்தை தனக்குள்ளேந்து குடுக்கறது கம்மி, வெயிலை வாங்கி காட்டற ரகம், ரூமுக்குள்ள பாத்தா மங்கலா இருக்குன்னு கடைல நிறைய பேர் வேண்டாம்னு வெச்சுடறாங்க. மத்தியானம் 11 மணி வெயில்ல வெளிய எடுத்துட்டு போய் பாருங்க, அப்பதான் அதோட அருமை தெரியும்.

கார்மின்ல எனக்கு புடிச்ச இன்னொண்ணு பவர் கைடு. கோர்ஸை ஏத்தி, எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் விடாம தாங்கற அதிகபட்ச பவர்) குடுத்தா எந்த ஏத்தத்துல எவ்வளவு வாட்ஸ் போடணும்னு பிரிச்சு குடுக்கும். கோவா ரோடு நம்ம ஈசிஆர் மாதிரி தட்டையா கிடையாது, ஏறி இறங்கி போகும், ஈசிஆர்லயே ட்ரெய்ன் பண்ணினவங்க முதல் ஏத்தத்துலயே கொளுத்திட்டு வந்துடறாங்க, அவங்களுக்கு இது நல்ல கடிவாளம்.

இப்ப வாஹூ. போல்ட், ரோம் ரெண்டுமே ஒரே தத்துவம்: செட்டிங் எல்லாம் ஃபோன் ஆப்ல, மெஷின்ல ஓட்டறது மட்டும். ஆப்ல எந்த நம்பர் முதல்ல, எது ரெண்டாவதுன்னு விரலால இழுத்து வரிசை பண்ணிட்டா போதும். பக்கத்துல இருக்க பட்டனை அமுக்கினா நம்பர்கள் குறைஞ்சு குறைஞ்சு பெருசாயிட்டே வரும், எட்டு நம்பர் இருந்த பக்கம் நாலாகும், அப்புறம் ரெண்டாகும், மேல நீங்க வெச்ச பவர் மட்டும் பெருசா நிக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே 45 வயசு தாண்டி வெள்ளெழுத்து கண்ணாடி போடறவங்களுக்கு நான் வாஹூதான் சொல்வேன், ரேஸ்ல ஸ்விம் காகிள்ஸ் கழட்டி சன்கிளாஸ் மாட்டினப்புறம் சின்ன எழுத்து எதுவும் அவங்களுக்கு தெரியாது. 2021-ல வந்த போல்ட் 2-க்கு திரை 2.2 இன்ச், பேட்டரி 15 மணி நேரம். அதுல மேல வரிசையா ஒரு எல்இடி பட்டை இருக்கும், பவர் ஸோனோ ஹார்ட் ரேட் ஸோனோ (உழைப்போட அளவை பிரிச்சு வெச்ச படிகள்) கலர்ல காட்டற மாதிரி வெச்சுக்கலாம், தலையை தூக்கி ரோட்டைப் பாத்துட்டு இருக்கும்போதே ஓரக்கண்ல சிவப்பு தெரிஞ்சா காலை தளர்த்திடலாம். 2025-ல போல்ட் 3, ரோம் 3 வந்திருக்கு, பேட்டரி கூடியிருக்கு, ரோம்ல டச்சும் சேந்திருக்கு. ஆனா இன்னைக்கும் போல்ட் 2 நல்ல விலைக்கு கிடைச்சா தயங்காம வாங்கலாம்.

அப்ப கார்மினா வாஹூவா? இதுக்கு என் பதில் கைல என்ன வாட்ச்ங்கறதுலதான் இருக்கு. ட்ரையத்லான்ல வாட்ச்தான் எஜமான், நீச்சல், டி1, சைக்கிள், டி2, ஓட்டம்னு முழுசா பதியறது அதுதான், ஹெட் யூனிட் நடுவுல வர்ற துணை. ஃபோர்ரன்னர் 955, 965 மாதிரி கார்மின் வாட்ச் இருந்தா எட்ஜை வெறும் பெரிய திரையாவே மாத்திடலாம், எக்ஸ்டெண்டட் டிஸ்ப்ளேன்னு பேரு, வாட்ச்ல ஓடற நம்பர்கள் அப்படியே ஹேண்டில்பார்ல தெரியும். ஆனா ஒண்ணு, அந்த மோடுல எட்ஜோட மேப், பவர் கைடு எதுவும் வராது, பவர் மீட்டரை வாட்ச்சோட சேத்திருக்கணும், இதை மறந்துட்டு ரேஸ் காலைல டி1-ல நின்னு திரையை மொறைச்சுட்டு இருந்தவங்களை பாத்திருக்கேன். நான் அதை யூஸ் பண்றதில்லை, வாட்ச்சை ட்ரையத்லான் மோடுல விட்டுட்டு எட்ஜை தனியா மவுண்ட் லைன் (சைக்கிள்ல ஏற அனுமதிக்கற கோடு) தாண்டினதும் ஸ்டார்ட் பண்றேன், நின்னா பதிவை தானா நிறுத்தற ஆட்டோ பாஸை ஆஃப் பண்ணிடறேன். சைக்கிளுக்கு ரெண்டு ஃபைல் வரும், ரைடுகளை ஏத்தி வைக்கற ஸ்ட்ராவா ஆப்ல ஒண்ணை அழிச்சுட்டா முடிஞ்சது. ரெண்டும் கார்மினா இருந்தா ட்ரெய்னிங் லோடு, ரெக்கவரி எல்லாம் ஒரே கணக்குல சேரும், அது பெரிய லாபம். எல்லா முட்டையும் ஒரே கூடைலயான்னு பயப்படறவங்க 2020 ஜூலையை ஞாபகம் வெச்சிருப்பாங்க, ரான்சம்வேர் தாக்குதல்ல கார்மின் கனெக்ட் சில நாள் முடங்கி கிடந்தது. அப்பவும் மெஷின்ல ரைடு பதிவாயிட்டுதான் இருந்தது, கேபிள் மாட்டி ஃபைலை எடுத்துக்க முடிஞ்சது, அதனால அந்த பயம் எனக்கு கொஞ்சம்தான்.

கோரோஸ் வாட்ச் வெச்சிருக்கவங்க டூராவை பாக்கலாம். 2024-ல 249 டாலருக்கு வந்தது, சோலார் தகடு வெச்சது, 120 மணி நேரம் பேட்டரின்னு சொல்றாங்க. ட்ரையத்லானுக்கு இவ்வளவு பேட்டரி தேவையே இல்லை, ஆனா நம்மாளுங்க நிறைய பேர் சீசன் இல்லாதப்போ பிஆர்எம் (நேர வரம்புக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ரைடு) போறாங்க, 600 கிலோமீட்டர் பிஆர்எம்முக்கு டைம் லிமிட் 40 மணி நேரம், ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கேயோ ஒரு பெட்ரோல் பங்க்ல பவர் பேங்க் தேடற கொடுமை இதுல இல்லை. அவங்களுக்கு இதுதான் என் முதல் சாய்ஸ். மெஷினா பாத்தா கார்மின் அளவுக்கு இன்னும் முதிரலை.

ஹேமர்ஹெட் கரூ, திரைன்னு பாத்தா இந்த கூட்டத்துலயே அழகு, 3.2 இன்ச், உள்ள ஆண்ட்ராய்டு ஓடுது, ஏத்தம் வந்தா தானா பிரிச்சு காட்டறது அருமையா இருக்கும். 2022-ல சைக்கிள் கியர் பண்ற ஸ்ராம் இந்த கம்பெனியை வாங்குச்சு, அந்த வருஷமே அதோட போட்டி கம்பெனி ஷிமானோ கேட்டுக்கிட்டதால டிஐ2 (ஷிமானோவோட எலக்ட்ரானிக் கியர்) வசதிகளை கரூ 2-லேந்து எடுக்க வேண்டி வந்தது. காசு குடுத்து வாங்கின வசதி அப்டேட்ல காணாம போச்சுன்னா வாங்கினவனுக்கு எப்படி இருக்கும்? ரெண்டு பெரிய கம்பெனி சண்டைல நடுவுல மாட்டறது நாமதான். ஸ்ராம் கியர் வெச்சிருந்தா கரூவை யோசிங்க, டிஐ2 வெச்சிருந்தா வேற பாருங்க.

கடைசியா, விலை கம்மியான ஐஜிபிஸ்போர்ட், பிரைட்டன், மஜீன். இவங்களைத்தான் நான் அந்த தம்பிக்கு முதல்ல சொன்னேன். அவன்கிட்ட பவர் மீட்டர் கிடையாது, செஸ்ட் ஸ்ட்ராப் (நெஞ்சுல கட்டி ஹார்ட் ரேட் எடுக்கற பட்டை) கூட கிடையாது, கைல இருக்க காசு மொத்தத்தையும் 840-ல போட்டா அது அவனுக்கு ஸ்பீடையும் தூரத்தையும் அழகா காட்டும், அவ்வளவுதான். எதிர்காத்துல ஸ்பீடு எதுவுமே சொல்லாது, மகாபலிபுரம் போறப்போ 28, திரும்பி வர்றப்போ 36, உழைப்பு ரெண்டுக்கும் ஒண்ணாவே இருக்கும். ஐஜிபிஸ்போர்ட் பிஎஸ்சி 300 மாதிரி ஒண்ணு வாங்கி, மிச்சத்துக்கு ஒரு பக்க கிராங்க் பவர் மீட்டர், ஒரு ஸ்ட்ராப் வாங்கினா அவன் எஃப்டிபி டெஸ்ட் பண்ணலாம், 70.3-ஐ வழக்கமா சொல்ற மாதிரி எஃப்டிபில 75லேந்து 85 சதவீதத்துக்குள்ள ஓட்டலாம். என் எஃப்டிபி 180 வாட்ஸ், கோவால 140-க்கு மேல போகாம ஓட்டறேன், இந்தக் கணக்கு விலை கம்மியான மெஷின்லயும் அதே கணக்குதான். ஆப் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், மொழிபெயர்ப்பு இடிக்கும், பொறுத்துக்கலாம்.

எது வாங்கினாலும் ரேஸுக்கு ஒரே பக்கம் வைங்க: மேல 3 செகண்ட் பவர், அதுக்கு கீழ லாப் நார்மலைஸ்டு பவர் (ஏத்த இறக்கத்தையும் கணக்குல எடுத்த சராசரி பவர்), அப்புறம் ஹார்ட் ரேட், தூரம். ஆவரேஜ் ஸ்பீடை எடுத்துடுங்க, அது கூடுதா குறையுதான்னு பாத்துட்டே கால் அழுத்திடும். சாப்பிட, குடிக்க 15 நிமிஷத்துக்கு ஒரு அலர்ட் வைங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க மூணு இடம் பாருங்க. பின்பக்கம் மவுண்ட்ல மாட்டற காது தேய்ஞ்சிருக்கா, ஸ்பீடு பிரேக்கர்ல தெறிச்சு விழறது இதனாலதான். சார்ஜிங் ஓட்டைல பச்சை படிஞ்சிருக்கா, கடலோரமா ஓட்டின மெஷினுக்கு அது உப்பு வேலை. அடில காத்தழுத்தத்தை வெச்சு உயரம் கணக்கு பண்ற சின்ன பாரோமீட்டர் துளை வியர்வைல அடைஞ்சிருந்தா தட்டை ரோட்டுல கூட மலை ஏறினதா காட்டும், நல்ல தண்ணில ஊற வெச்சு காய விட்டு ஒரு ரைடு போய் பாத்துட்டு காசு குடுங்க. கார்மின் மவுண்ட்ல வாஹூ ஏறாது, அதோட காது 90 டிகிரி திரும்பி இருக்கும், ஏரோபாருக்கு நடுவுல போடற மவுண்டை தனியா கேட்டு வாங்குங்க.