டிஸ்கவர் பாஸ்: பதின்மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சியாட்டிலுக்கு அருகிலுள்ள ரெட்மண்டுக்கு அண்மையில் குடிவந்த நண்பர் ஒருவர், "டிஸ்கவர் பாஸ் 45 டாலர் ஆகிவிட்டதாமே, வாங்கலாமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். வாஷிங்டன் மாநில அரசின் பூங்காக்களிலும் பிற பொது நிலங்களிலும் வண்டி நிறுத்துவதற்கான ஆண்டு அனுமதி அட்டைதான் இந்த டிஸ்கவர் பாஸ். 2012 கோடையில் தொடங்கி ஓர் ஆண்டுகூடத் தவறாமல் அதை வாங்கிக் காருக்குள் மாட்டி வருபவன் என்ற முறையில், ஒரு சொல்லில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது அது அவ்வளவு எளிதாக இல்லை. அட்டை எங்கே கிடைக்கும், எப்படி மாட்ட வேண்டும் என்பதெல்லாம் வாஷிங்டன் மாநிலத்தில் வசிப்பவர்களுக்குத் தெரிந்ததே. ஆகவே விலையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நாள் சீட்டு 10 டாலர். ஆண்டுப் பாஸ் 30 டாலராக இருந்தவரை, மூன்றாவது முறை பூங்காவுக்குப் போனதுமே போட்ட பணம் திரும்பிவிடும். 2025 அக்டோபர் 1 முதல் அது 45 டாலர் என்பதால் ஐந்தாவது முறைதான் கணக்கு நம் பக்கம் சாய்கிறது. கட்டணம் வாகனத்துக்கு மட்டுமே. காரில் ஒருவர் வந்தாலும் ஏழு பேர் வந்தாலும் ஒரே தொகைதான். நடந்தோ மிதிவண்டியிலோ பேருந்திலோ வருபவர்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு வண்டிக்கு மட்டும் என்று இருந்ததை, மக்கள் முறையிட்ட பிறகு, 2012இல் இரண்டு வண்டிகளுக்கு மாற்றிப் பயன்படுத்தலாம் என்று சட்டமன்றம் திருத்தியது. கணவனும் மனைவியும் தனித்தனி வண்டி ஓட்டும் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு அந்தத் திருத்தம் செய்த உதவி பெரிது.

இந்தப் பாஸ் எனக்குத் தந்த மிகப் பெரிய நன்மை நான் எதிர்பாராத ஒன்று. அருவிக்கும் மலைக்கும் போவதற்காகவே வாங்கினேன். அதிகம் பயன்பட்டதோ வார நாட்களின் மாலைகளில். கென்மோரில் உள்ள செயின்ட் எட்வர்ட் மாநிலப் பூங்கா ஒரு காலத்தில் கத்தோலிக்கக் குருமடமாக இருந்த இடம். அங்கிருந்து கிளம்பும் காட்டுப்பாதை உயர்ந்த மரங்களுக்கு நடுவே சரிந்து இறங்கி, வாஷிங்டன் ஏரிக்கரையில் முடியும். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏரி வரை இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறி வருவது என் வழக்கம். நவம்பர் மாதத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நாட்களில், தூறலில் இருபது நிமிடம் மட்டும் நடந்துவிட்டு வீடு திரும்பியதும் உண்டு.

பத்து டாலர் கொடுத்து எவரும் இருபது நிமிடம் நடக்க மாட்டார்கள். கொடுத்த காசுக்கு அரை நாளாவது இருந்தாக வேண்டும் என்று மனம் கணக்குப் போடும்; சோறு கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, பாயையும் பந்தையும் வண்டியில் ஏற்றினால் அது சுற்றுலாவாகிவிடும். பாஸ் கையில் இருப்பவருக்கு அதே பூங்கா, ஊரில் சாயங்காலம் காலாற நடந்துவிட்டு வரும் குளத்தங்கரையைப் போல ஆகிவிடுகிறது. ஆண்டுக்கு இத்தனை முறை போனேன் என்ற எண்ணிக்கையைவிட, போகலாமா என்று யோசிக்காமலே போன நாட்களுக்காகத்தான் நான் இதைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு மறுபுறம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சென்ற ஆகஸ்டில் ஓர் ஏரிக்கரைப் பூங்காவின் கட்டண இயந்திரத்துக்கு முன்னால் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். பின் இருக்கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சூரியன் மறைய அரை மணி நேரம்கூட இல்லை. "அரை மணி நேரத்துக்கும் பத்து டாலர்தானா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். ஆம் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். என் பாஸைக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். அதில் என் வீட்டு வண்டிகளின் பதிவெண்கள் இருந்தன, என் வண்டியும் அங்கேதான் நின்றது. அவர்கள் ஏழைகள் என்று நான் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு அந்த விலை பொருந்தவில்லை, அவ்வளவுதான். பூங்காவை மூடிவிடாமல் காப்பாற்றிய அதே கட்டணம், குறுகிய நேரத்துக்கு எட்டிப் பார்க்க வருபவர்களுக்கு அதன் கதவைப் பாதி சாத்திவிடுகிறது.

மூடிவிடாமல் காப்பாற்றியது என்பதை மிகையாகச் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் அப்போது தனிநபர் வருமான வரி கிடையாது; அரசு பெரிதும் நம்பியிருந்தது விற்பனை வரியை. 2008இன் பொருளாதார வீழ்ச்சியில் மக்கள் செலவைச் சுருக்கியதும் கருவூலம் வற்றியது, பூங்காக்களுக்குப் பொது நிதியிலிருந்து வந்த பங்கு ஆண்டுக்கு ஆண்டு வெட்டப்பட்டது. முதலில், 2009 முதல், வாகனப் பதிவைப் புதுப்பிக்கும்போது வேண்டாம் என்று குறிப்பிட்டாலன்றி 5 டாலர் நன்கொடை சேர்த்து வசூலிக்கும் முறை வந்தது. அதுவும் போதாமல், பூங்காக்களை மூடுவதா கட்டணம் வாங்குவதா என்ற நிலை வந்தபோது, ஆளுநர் கிறிஸ்டின் கிரெகோயர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 2011 ஜூலை 1 அன்று டிஸ்கவர் பாஸ் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் இந்த வழியில் அதற்கு முன்பே ஒருமுறை போய்த் திரும்பியிருந்தது: 2003இல் 5 டாலர் வாகன நிறுத்தக் கட்டணத்தைக் கொண்டுவந்து, 2006இல் அதைக் கைவிட்டார்கள். இரண்டாவது முறை கைவிட வழியில்லை. புதிய பாஸின் முதல் வருவாயும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. 2012 தொடக்கத்தில் ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் பலர் முழுநேர வேலையை இழந்து பருவக்காலப் பணியாளர்களானார்கள். 1913இல் தொடங்கிய பூங்கா அமைப்பு தன் நூறாவது ஆண்டை அந்த நிலையில்தான் எட்டியது. நான் பாஸ் வாங்கத் தொடங்கியது அந்த 2012 கோடையில். நான் கொடுக்கும் முப்பது டாலர் யாரோ ஒரு ரேஞ்சரின் சம்பளத்தில் சேரும் என்ற எண்ணம் அன்று எனக்கு நிறைவு தந்தது, இன்றும் தருகிறது.

இனி, பதின்மூன்று ஆண்டுகளாகத் தீராத என் எரிச்சலுக்கு வருகிறேன். அது விலையைப் பற்றியதன்று. ஒரு பாஸ் போதாது என்பதே அது. சியாட்டிலிலிருந்து கிழக்கே ஐ-90 நெடுஞ்சாலையில் போய் 32ஆம் எண் வெளிவழியில் இறங்குங்கள். இடப்புறம் திரும்பினால் மவுண்ட் சை. அது இயற்கை வளத் துறையின் நிலம், டிஸ்கவர் பாஸ் வேண்டும். வலப்புறம் திரும்பினால் ராட்டில்ஸ்னேக் ஏரி. அது சியாட்டில் நகரின் குடிநீர்ப் பிடிப்புப் பகுதியைச் சேர்ந்தது, எந்தச் சீட்டும் வேண்டாம். 34ஆம் வெளிவழியில் ட்வின் அருவி; அது ஓலாலி மாநிலப் பூங்கா, டிஸ்கவர் பாஸ் செல்லும். 47இல் பிராங்க்ளின் அருவி, 52இல் ஸ்னோ ஏரிப் பாதை. இரண்டும் மத்திய அரசின் வனத்துறைக்கு உரியவை, அங்கே டிஸ்கவர் பாஸ் செல்லாது, நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் என்று இன்னொன்றை 30 டாலருக்கு வாங்க வேண்டும். பனிக்காலத்தில் கோல்ட் கிரீக்கில் குழந்தைகளோடு பனியில் விளையாட வேண்டுமென்றால் ஸ்னோ பார்க் என்ற பனிக்கால வண்டி நிறுத்த அனுமதி தனி. மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவுக்கு வேறு கட்டணம். ரெய்னியரை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏறத்தாழ இருபது மைல் தொலைவுக்குள், ஒரே மழையில் நனையும் ஒரே மலைத்தொடரில், எந்த மரம் எந்தத் துறைக்கு உரியது என்று தெரிந்துகொண்டுதான் நடக்கப் போக வேண்டியிருக்கிறது.

மாநில அரசின் மூன்று துறைகளின் நிலங்களுக்கு ஒரே பாஸ் என்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பு, அதை மறுக்க மாட்டேன். 2011இன் சட்டம் வருவாயில் 84 விழுக்காட்டை மாநிலப் பூங்காக்களுக்கும், 8 விழுக்காட்டை மீன் மற்றும் வனவிலங்குத் துறைக்கும், 8 விழுக்காட்டை இயற்கை வளத் துறைக்கும் என வகுத்தது. ஆனால் அந்த ஒற்றுமைகூட முழுமையாக இருந்ததில்லை. ஆண்டில் சில நாட்களைக் கட்டணமில்லா நாட்களாக அறிவிக்கிறார்கள். பல ஆண்டுகள் அந்தச் சலுகை மாநிலப் பூங்காக்களுக்கு மட்டுமே இருந்தது, மற்ற இரண்டு துறைகளின் நிலங்களில் அன்றும் பாஸ் வேண்டியிருந்தது. இன்று இலவசம் என்று நம்பி மவுண்ட் சைக்கு வந்து நின்றவர்களிடம் இதை விளக்குவது கடினமாக இருந்தது.

எந்த இடத்துக்கு எந்தப் பாஸ் என்ற குழப்பத்தில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இரண்டு பாஸ்களும் வண்டியில் இருந்தன. நான் தவறானதை வெளியே மாட்டிவிட்டு, சரியானதை டேஷ்போர்டு அறைக்குள் வைத்துவிட்டு மலையேறப் போய்விட்டேன். நான்கு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது, துடைப்பானுக்கு அடியில் அபராத அறிவிப்பு நனைந்து ஒட்டியிருந்தது. எந்தத் துறை என்பது இங்கே முக்கியமில்லை; எழுதியவர் தன் கடமையைத்தான் செய்தார். பாஸின் நகலை இணைத்து விளக்கக் கடிதம் அனுப்பினேன், பாதி குறைத்தார்கள். எனக்கு வலித்தது பணமன்று. பொது நிலத்தைப் பேணுவதற்காக இரண்டு இடங்களில் மனமுவந்து பணம் கட்டிய ஒருவன், அன்று அந்த மலையடிவாரத்தில் கட்டணம் ஏய்த்தவனாகக் கணக்கில் ஏறினான். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக நிதி வெட்டப்பட்டது, ஒவ்வொன்றும் தன் பள்ளத்தைத் தான் நிரப்பிக்கொள்ளத் தனித்தனியாகச் சீட்டு அச்சடித்தது, அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துச் சுமக்கும் வேலை வருபவனிடம் வந்து சேர்ந்துவிட்டது.

வேறு வழி இல்லை என்று சொல்பவர்களுக்கு, நாங்கள் வசிக்கும் கிங் கவுண்டி என்ற மாவட்டத்தையே காட்டுவேன். 2002இல் அங்கும் இதே நெருக்கடி, அங்கும் பூங்காக்களை மூடும் பேச்சு எழுந்தது. 2003இல் அவர்கள் வாக்காளர்களிடம் போனார்கள். பூங்காக்களுக்கென்று தனியாகச் சிறு சொத்து வரி கட்டச் சம்மதமா என்று கேட்டார்கள், மக்கள் சம்மதித்தார்கள். 2007, 2013, 2019, 2025 என ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். நம்மவர்கள் கிரிக்கெட் ஆடும் மேரிமூர் பூங்காவில் வண்டி நிறுத்தச் சிறு தொகை வாங்குகிறார்கள். கவுண்டியின் மற்ற பெரும்பாலான பூங்காக்களில் அதுவும் இல்லை. வீடு வைத்திருக்கும் எனக்கு அந்த வரி ஆண்டுதோறும் டிஸ்கவர் பாஸைவிடக் கூடுதலாகவே ஆகிறது, ஆயினும் அதைக் கட்டும்போது ஒருநாளும் மனம் சுளித்ததில்லை. அந்தப் பூங்காவின் வாசலில் யாரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதை நான் பார்க்க நேர்வதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு, மதிப்பெண் போட வேண்டும் என்றால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். கணக்குப்படி பார்த்தால் நான்கு போட வேண்டும் என்பது எனக்கே தெரியும். மழைக்காலத்திலும் திறந்திருக்கும் வாசல்கள், சுத்தமான கழிப்பறைகள், மரம் விழுந்த இரண்டாம் நாளே அறுத்து ஒதுக்கப்பட்ட பாதை, இவையெல்லாம் இந்தப் பணத்தால் வந்தவை. ஆனால் ஆகஸ்டு மாலையில் திரும்பிப் போன அந்த வண்டியின் பின்விளக்குகள் கண்ணில் நிற்கும்வரை கூடுதலாகப் போட என் கை வரவில்லை.

நண்பருக்கு என் பதில்: உடனே வாங்க வேண்டாம், தம்பி. உங்கள் வட்டார நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். டிஸ்கவர் பாஸோடு சேர்த்து ஒரு முதுகுப்பையை இரவல் தரும் நூலகங்கள் உண்டு. அதை எடுத்துக்கொண்டு வாலஸ் அருவிக்கு ஒருமுறையும், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மாநிலப் பூங்கா எதற்காவது வேலை முடிந்த மாலையில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். இரண்டாவது நடை பிடித்துப்போனால் வாங்குங்கள். அருவி மட்டும் பிடித்திருந்தால் நாள் சீட்டே போதும். வாங்கினால் பதிவெண்ணை அழியாத மையால் எழுதுங்கள், பந்துமுனைப் பேனா எழுத்து ஒரே கோடையில் வெளுத்துவிடும்.

என்னுடையது பிப்ரவரி இறுதியில் முடிகிறது, புதுப்பிப்பேன். அதுவரை செயின்ட் எட்வர்டில் மாலை நடைக்கு வர விரும்பினால், ஐந்து மணிக்கு என் வண்டியிலேயே வந்துவிடுங்கள்.