சுவரோவியமா, நாட்குறிப்பா, நாடகமா?

குழந்தைகளின் சமூக, உணர்வுத் திறன்களை வளர்க்க வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் அதை எதற்குச் செலவிடுவது? நான்காம் வகுப்பு ஆசிரியராக என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: கூட்டுச் சுவரோவியம், உணர்வு நாட்குறிப்பு, நாடகம். நான் நாடகத்தின் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவரோவியத்தில் பகிர்வதும் காத்திருப்பதும் விட்டுக்கொடுப்பதும் தாமாகவே நடக்கும். குழந்தைகளுக்கும் கொண்டாட்டம். ஆனால் நன்றாக வரையும் இரண்டு மூன்று பேரிடம் தூரிகை போய்ச் சேர்ந்துவிடும். மற்றவர்கள் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்தால் அது கூட்டு வேலையாகவே இராது.

நாட்குறிப்பு, பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு ஏற்றது. கோபம் என்று மொத்தமாகச் சொல்லிவந்ததை எரிச்சல், ஏமாற்றம், பொறாமை என்று பிரித்து உணரக் கற்கிறார்கள். தன்னை அறிய இது போதும்; பிறரோடு பழக, எதிரே இன்னொருவர் வேண்டுமே!

என்னை நாடகத்தின் பக்கம் இழுத்தது ஒன்றே ஒன்று: நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்கலாம். விளையாட்டு மைதானத்துச் சண்டை ஒருமுறைதான் நடக்கும். நாம் போய்ச் சேர்வதற்குள் அழுகையும் புகாரும்தான் மிஞ்சியிருக்கும். நாடகத்தில் அதே சண்டையை நான்கு விதமாக முடிக்கலாம். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஃபோரம் தியேட்டரின் உத்தி இது. ஒருத்தியை ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கும் காட்சி என்று வையுங்கள். முதலில் அது மோசமாகவே முடியும். மறுமுறை பார்வையாளர்களில் ஒருவர் "நிறுத்து" என்று சொல்லி, ஒதுக்கப்பட்டவளின் இடத்தில் நின்று வேறொன்றைச் செய்து பார்ப்பார். "டீச்சரிடம் சொல்வேன்" என்ற மிரட்டல்தான் பெரும்பாலும் முதலில் வரும். எதிரணி இன்னும் முறைத்துக்கொள்ளும். அது ஏன் பலிக்கவில்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே தெரிகிறது. பிறகு யாராவது, தனியே நிற்கும் இன்னொருவரைத் துணைக்கு அழைத்துப் பார்ப்பார்.

இரண்டு விதிகளில் மட்டும் நான் கறார். அந்த வகுப்பில் உண்மையில் நடந்த சண்டை மேடைக்கு வராது. காட்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரைச் சொல்லி வேடத்தைக் கலைக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லனாக நடித்தவன் இடைவேளையிலும் வில்லன்தான்.

டொராண்டோவில் ஆறு வயதுக் குழந்தைகளிடம் உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வும் நாடகத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. அதில் சிலருக்கு இசையும் சிலருக்கு நாடகமும் கற்றுத்தரப்பட்டன. இசை கற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாக உயர்ந்தது. சமூக நடத்தையில் முன்னேறியவர்கள் நாடகம் கற்றவர்கள். ஒரே ஆய்வை வைத்து அடித்துப் பேச முடியாதுதான்.

பதின்பருவத்தினருடன் எனக்கு அனுபவம் குறைவு. சக மாணவர் முன் நடிக்கும் கூச்சம் அந்த வயதில் நாடகத்தையே முடக்கிவிடலாம். அங்கே நாட்குறிப்பு முந்தினால் வியப்பில்லை. என் வகுப்பிலும் நடிக்கவே மாட்டேன் என்று நிற்பவர்கள் உண்டு. அவர்களை வற்புறுத்துவதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில், "நீயாக இருந்தால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய்?" என்று எழுதித் தரச் சொல்கிறேன்.