குளிர்காலத்தில் 13 அடி ட்ரெய்லர்: சுவர் வேர்க்கும், கேஸுக்கு முன்னால் பேட்டரி படுக்கும்

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் சின்ன ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லரைப் பலர் வெயில் காலத்தில் பார்த்து வாங்குகிறார்கள். அப்போது அதன் நிறை குறை பாதிகூடத் தெரியாது. இரவில் வெளியே 2 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதுதான் வண்டியின் சாயம் வெளுக்கும். அந்தச் சோதனையில் இது தேறிவிடுகிறது, ஆனால் நிபந்தனைகளோடு.

1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் வெளிவந்த போலர் தொடங்கி இன்றுவரை இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. மேலோடு ஒன்று, கீழோடு ஒன்று, இரண்டும் இடுப்பில் சேரும். கூரையில் தையல் இல்லாததால் பலகைச் சட்ட வண்டிகளைவிட ஒழுக்கு குறைவு. 13 அடி வண்டியின் காலி எடை பெரும்பாலும் 700 கிலோவைத் தாண்டாது. உள்ளே ஒரு படுக்கை, ஒரு மேசை, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். இவ்வளவு சின்ன இடம் ஹீட்டர் போட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் கதகதப்பாகிவிடும். அணைத்தால் அதே வேகத்தில் ஆறவும் செய்யும். சுவர் மெலிது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. பெரிய வண்டியின் தடித்த சுவரோடு இதை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

குளிரைச் சமாளித்துவிடலாம், ஈரம்தான் படுத்தும். தூங்கும் இருவரின் மூச்சும் தோலும் சேர்ந்து ஓர் இரவில் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் விடுகின்றன. உள்ளே சமைத்தால் இன்னும் கூடும்: ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வரும். அந்த ஆவி குளிர்ந்த இடமாகத் தேடிப் போய் உட்காரும். விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஜன்னலின் அலுமினியச் சட்டம் முழுக்க ஈரம். அலமாரியைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு ரிவெட் தலையிலும் கடுகு அளவில் ஒரு நீர்முத்து. சுவரைத் துளைத்துச் செல்லும் ரிவெட் வெளிக்குளிரை அப்படியே உள்ளே கடத்துவதால் வரும் வினை இது. பிளாஸ்டிக் மூடி போட்டால் குறையும், நிற்காது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை ஒழுக்கு என்று நினைத்து சீலண்ட் பூசிக்கொண்டே இருப்பார்கள். மழையில்லாத இரவிலும் நனைந்திருந்தால் அது ஒழுக்கு அல்ல, வேர்வை.

இதற்கு மருந்து, குளிர்கிறதே என்று எல்லாவற்றையும் இறுக மூடுவதற்கு நேர் எதிரானது. கூரை வென்ட்டை இரண்டு விரல் அகலம் திறந்து, எதிர்ப்புறம் தாழ்வாக உள்ள ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைக்க வேண்டும். வெளிக்காற்று குளிர்ந்தது, அதில் நீர் குறைவு. உள்ளே வந்து சூடானதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மேலே போய்விடும். இதனால் கொஞ்சம் சூடு வீணாகும், ஆனால் மெத்தை காய்ந்திருக்கும். கண்ணாடிக்கு ஃபாயில் குமிழ்த்தாளை அளவாக வெட்டி வைக்கலாம். ஆனால் அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே ஈரம் தேங்கும். காலையில் எடுத்துத் துடைக்காமல் விட்டால் ரப்பர் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை வந்துவிடும்.

மெத்தையின் அடிப்பக்கத்தை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. உடல் சூட்டில் கிளம்பிய ஈரம் மெத்தை வழியே இறங்கி, கீழே குளிர்ந்த பலகையில் நீராகிவிடும். பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள், அல்லது மெத்தைக்கு அடியில் காற்றோடும் வலைவிரிப்பு இருந்தால் தப்பிக்கலாம். இரண்டும் இல்லாதவர்கள் தினமும் காலையில் மெத்தையை நிமிர்த்தி வைக்க வேண்டியதுதான்.

ஹீட்டர் விஷயத்தில் மின் இணைப்புள்ள இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம்: 750 வாட் செராமிக் ஹீட்டர், ஓசை குறைவு, ஈரம் இல்லை. பேட்டரியில் இதை ஓட்ட நினைக்காதீர்கள். 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின் இணைப்பில்லாத இடத்தில், வெளியே புகைபோக்கி உள்ள கேஸ் ஃபர்னஸ், அதாவது சூட்டை விசிறியால் உள்ளே தள்ளும் ஹீட்டர்தான் சரி. எரிந்த வாயுவும் அதன் நீராவியும் வெளியே போய்விடும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் மலிவு. ஆனால் நீராவி முழுவதையும் உள்ளேயே கொட்டும், பிராணவாயுவையும் தின்னும். படுக்கப் போகுமுன் அரைமணி நேரம் ஜன்னல் திறந்து எரியவிடலாம், தூங்கும்போது கூடவே கூடாது. சமையல் அடுப்பை ஹீட்டராக்குவதும் அதே தவறு. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டியில் கேஸ் பற்றவைக்கவே வேண்டாம். புரோபேன் காற்றைவிடக் கனம் என்பதால் கேஸ் கசிவு அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆயுட்காலம் உண்டு. பின்பக்கத் தேதியைப் பாருங்கள்.

நடுராத்திரியில் ஃபர்னஸ் நின்றால் எல்லோரும் சிலிண்டரைத்தான் ஆட்டிப் பார்க்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 9 கிலோ புரோபேன், மணிக்கு 12,000 பிடியு (வெப்ப அலகு) தரும் ஃபர்னஸை இடைவிடாமல் ஓட்டினால் சுமார் 36 மணி நேரம் தாங்கும். இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரமே எரியும் என்றால், பத்து மணி நேர இரவுகள் பத்துக்குக் குறையாது. ஆனால் ஃபர்னஸின் விசிறி 3 ஆம்பியர் இழுக்கும். ஓர் இரவுக்கு 10 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், பூஜ்ய டிகிரி அருகே அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். விளக்கு, பம்ப் செலவும் சேர்ந்தால் மூன்றாம் இரவே ஆட்டம் முடியும். வோல்ட் இறங்கியதும் விசிறி மெதுவாகும், காற்று வேகத்தை உணரும் சுவிட்ச் மூடாது, பர்னர் பற்றாது. விசிறி சுற்றியும் சூடு வரவில்லையென்றால் முதலில் மல்ட்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டால் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவும் கிடைக்கும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் செல் கெடும். குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) இருக்கிறதா என்று கேட்டு, பேட்டரியை வண்டிக்குள் வையுங்கள்.

வெளியே காபி போடச் சின்ன கேன் அடுப்பு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பியூட்டேன் கேன் பூஜ்ய டிகிரியில் வாயுவாகாது, அடுப்பு மூச்சுவிடாது. புரோபேன் -42 டிகிரிவரை கொதிக்கும்.

எளிமை உண்மையிலேயே கை கொடுப்பது தண்ணீர் விஷயத்தில். குளியலறை, வெந்நீர்த் தொட்டி, நீளக் குழாய்கள் உள்ள வண்டியில் உறைபனி இரவு என்றாலே பதற்றம். தொட்டியும் கைப்பம்பும் மட்டுமுள்ள வண்டியில் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து வடித்துவிட்டு, இரண்டு 10 லிட்டர் தண்ணீர் கேன் உள்ளே வைத்தால் தீர்ந்தது. எல்லாம் வடித்த பிறகும் பம்பின் தலையிலும் தொட்டிக்கு அடியிலுள்ள வளைவிலும் கொஞ்சம் நீர் நிற்கும். விரிசல் விடுவது அங்கேதான். அந்த இடங்களில் உறையாமல் தடுக்கும் இளஞ்சிவப்பு நிற புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றலாம். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், குடிநீர்க் குழாய் பக்கமே கொண்டுவரக் கூடாது.

டயர் காற்றைக் கிளம்பும் காலையிலேயே, சக்கரம் சூடாகுமுன் பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ குறையும்.

ஒருவர் அல்லது இருவர், பூஜ்யத்துக்கு மேலே நிற்கும் இரவுகள், இரண்டு மூன்று நாள் தங்கல் என்றால் தயங்காமல் வாங்கலாம். வாரக்கணக்கில் -5க்குக் கீழே தங்குகிறவர்களுக்கும் நனைந்த நாயோடு படுக்கிறவர்களுக்கும் இது ஆகாது. பழையது பார்க்கப் போனால் காலையில் போங்கள், முந்தின இரவு வண்டியை மூடி வைத்திருக்கச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்து மோந்து பாருங்கள். அதன் மூலையில் ஒட்டுப்பலகை கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்கினால், விலை பேசாமல் திரும்பிவிடலாம்.