பதவியிலிருக்கும் நிர்வாகியை நீக்குதல்: தேர்வை ரத்துசெய்வதா, குற்றம் சாட்டி விசாரிப்பதா?

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ செயலாளரோ பொருளாளரோ இனியும் பொறுப்பில் தொடரக் கூடாது என்று ஓர் அமைப்பின் உறுப்பினர்கள் எண்ணத் தொடங்கியதும், பெரும்பாலும் முதலில் எழுவது ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவோம்’ என்ற குரல்தான். சட்டமன்றங்களில் ஆட்சியையே கவிழ்க்க வல்ல அந்தத் தீர்மானத்துக்கு, துணைவிதிகள் (அமைப்பு தனக்கென எழுதிவைத்துள்ள விதிகள், அதாவது பைலா) தனியே இடம் கொடுத்திருந்தாலொழிய, சங்கங்களில் அத்தகைய விளைவு கிடையாது. அது ஏகமனதாக நிறைவேறிய பிறகும் தலைவர் தலைவராகவே இருப்பார். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876-இல் வெளியிட்ட ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்’ என்னும் கூட்ட நடைமுறை நூல் 2020-இல் 12-ஆம் பதிப்பைக் கண்டிருக்கிறது. அதைத் தமக்குரிய நெறியாக ஏற்றுக்கொண்ட அமைப்புகளுக்கு, ஒருவரைப் பதவியிலிருந்து இறக்க இரண்டு வழிகள் உள்ளன: அவரைத் தேர்ந்தெடுத்த முடிவையே ரத்துசெய்வது ஒன்று, குற்றம் சாட்டி, விசாரித்து, தண்டனையாக நீக்குவது மற்றொன்று. நாட்டின் சட்டமோ அமைப்பின் துணைவிதிகளோ நீக்கத்துக்கென்று தனி நடைமுறை வகுத்திருந்தால், இந்த இரண்டுக்கும் முன்பாக அதுவே செல்லும்.

இரண்டில் எது நமக்குத் திறந்திருக்கிறது என்பதை நமது கோபத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. துணைவிதிகளில் பதவிக்காலம் எழுதப்பட்டிருக்கும் விதம் தீர்மானிக்கிறது. ‘இரண்டு ஆண்டுகள், அல்லது அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை’ என்றிருந்தால், உறுப்பினர்கள் விரும்பும்போது, காரணம் எதுவும் சொல்லாமலே, தேர்வை ரத்துசெய்யலாம். பதவிக்காலம் பற்றித் துணைவிதிகள் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் நிலைமை அதுவே. மாறாக, ‘இரண்டு ஆண்டுகள்’ என்று மட்டும் இருந்தாலோ, ‘இரண்டு ஆண்டுகளும், அதன் பின் அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரையும்’ என்று இருந்தாலோ, தகுந்த காரணம் காட்டி ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் மட்டுமே நீக்க முடியும். துணைவிதிகளைத் தயாரிப்பவர்கள் வேறோர் அமைப்பின் பைலாவைப் பார்த்து எழுதும்போது இந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை என்பது என் எண்ணம். பல ஆண்டுகள் கழித்து மொத்தப் பூசலும் அந்த வரியின் மேல்தான் நடக்கிறது.

ரத்துசெய்யும் வழியின் பலம் அதன் எளிமை. ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, விவாதம் நடந்து வாக்கெடுப்புக்கு வரும் சாதாரணத் தீர்மானம் அது. ஆனால் தேவைப்படும் வாக்குகளின் கணக்கு, முன்னறிவிப்பு கொடுத்தோமா என்பதைப் பொறுத்து மாறுகிறது. 50 உறுப்பினர்கள் கொண்ட ஓர் அமைப்பின் கூட்டத்துக்கு 30 பேர் வந்து, அனைவரும் வாக்களிக்கிறார்கள் என்று கொள்வோம். தீர்மானம் வரப்போவதை முறைப்படி முன்னரே அறிவித்திருந்தால் 16 வாக்குகள் போதும். அறிவிக்காமல் கூட்டத்திலேயே எழுப்பினால் மூன்றில் இரண்டு பங்காகிய 20 வேண்டும். இவ்விரண்டுமில்லாத மூன்றாவது வாய்ப்பு, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது 26 வாக்குகள். 30 பேர் வந்த கூட்டத்தில் அதனால் பயனில்லை. 45 பேர் திரண்டு வந்தாலோ, மூன்றில் இரண்டு பங்கான 30-ஐ எட்ட முடியாதவர்களுக்கு அந்த 26 கைகொடுக்கும். வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் முதல் இரண்டு கணக்குகளிலும் சேர்வதில்லை.

கையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்போதும் முன்னறிவிப்பு கொடுப்பதே மேல் என்பேன். எதிர்பாராத தாக்குதலாக ஒருவரை இறக்கினால், அன்று வராதவர்கள் அனைவரும், அவர்மேல் அதுவரை பற்றில்லாதவர்கள்கூட, அவர் பக்கம் சாய்ந்துவிட வாய்ப்புண்டு. முன்கூட்டியே அறிவித்தால் எதிர்த்தரப்பும் ஆள் திரட்டும் என்பது உண்மைதான். அப்படித் திரட்டியதும் தோற்றுப்போகும் தீர்மானம், திரட்டாதபோது வென்றிருந்தாலும் நெடுநாள் நிலைத்திருக்காது.

விசாரணை வழி முற்றிலும் வேறு. முதலில் விசாரணைக் குழு ஒன்றை அமைக்கத் தீர்மானம் வேண்டும். அந்தத் தீர்மானத்தில் குற்றச்சாட்டின் விவரங்களைக் கொட்டக் கூடாது, ஏனெனில் உண்மை தெரிவதற்கு முன்பே ஒருவரின் பெயர் கெட்டுவிடும். குழு இரகசியமாக விசாரித்து, அடிப்படை இருக்கிறது என்று கருதினால், குற்றச்சாட்டுகளையும் அவற்றுக்கு ஆதாரமான குறிப்பிட்ட செயல்களையும் வரிசைப்படுத்தி அமைப்பின் முன் வைக்கிறது. அமைப்பு ஏற்றுக்கொண்டால் முறையான விசாரணைக்கு நாள் குறிக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் தயாரிக்கப் போதிய அவகாசம் தர வேண்டும், பொதுவாக 30 நாட்கள். விசாரணை மூடிய கூட்டமாகவே நடக்கும். அவர் தமக்காக வாதாடுபவரை வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளை அழைக்கலாம், எதிர்ச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். குற்றவாளி என்று முடிவுசெய்யவும் பதவியிலிருந்து நீக்கவும் பெரும்பான்மை போதும். உறுப்பினர் நிலையிலிருந்தே வெளியேற்றுவதானால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும் இரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்.

இத்தனை படிகளையும் நேர்மையாகக் கடக்கப் பல வாரங்கள் ஆகும், சில அமைப்புகளில் மாதங்களே ஆகும். அதனால்தான், ரத்துசெய்யும் வழி திறந்திருக்கும்போதும் ‘குற்றத்தை நிரூபித்தே நீக்குவோம்’ என்று விசாரணையைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திறமைக் குறைவு, ஒத்துப்போகாமை, கூட்டங்களைக் கூட்டாமல் காலம் கடத்துதல் போன்றவற்றுக்கு விசாரணை மிகை. பணக் கையாடல் போன்ற, வெளிப்படையாகத் தீர்ந்தாக வேண்டிய புகாருக்கு ரத்து என்பது குறை, ஏனெனில் அதில் எந்த உண்மையும் நிறுவப்படுவதில்லை, நீக்கப்பட்டவருக்கும் தம்மைத் துலக்கிக்கொள்ள இடமில்லை.

சிக்கல் கூட்டத்தை நடத்தும் முறையில் மட்டும் இருந்தால், இவ்விரண்டையும்விடச் சிறிய வழி ஒன்று உண்டு. விதிகளை நிறுத்திவைக்கும் தீர்மானத்தை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நிறைவேற்றி, அந்த அமர்வுக்கு மட்டும் வேறொருவரைத் தலைமை வகிக்கச் செய்யலாம். தலைவரின் நிர்வாகப் பொறுப்புகள் அவரிடமே இருக்கும். கண்டனத் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை போதும், ஆனால் அதனால் பதவி போகாது.

யார் நீக்குவது என்பதிலும் பலர் வழுக்குகிறார்கள். பொதுக்குழு தேர்ந்தெடுத்த தலைவரை, துணைவிதிகள் அதிகாரம் தராதவரை, நிர்வாகக் குழு நீக்க முடியாது. நிர்வாகக் குழு தன் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவியிலிருந்து இறக்க அக்குழுவால் முடியும். ஆனால் பொதுக்குழு கொடுத்த குழு உறுப்பினர் இடத்தைப் பறிக்க முடியாது என்பதால், அடுத்த கூட்டத்தில் அவர் அதே மேசையில் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்திருப்பார்.

தலைவரின் இடம் காலியானதும், துணைவிதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், எஞ்சிய காலத்துக்குத் துணைத்தலைவர் எந்தத் தேர்தலுமின்றித் தலைவராகிவிடுவார். காலியாவது துணைத்தலைவர் பதவிதான், அதை நிரப்பவும் முன்னறிவிப்பு வேண்டும். தலைவரை இறக்கத் துடிப்பவர்கள் மனத்தில் வேறொருவரை வைத்திருந்தால், தீர்மானத்தில் கையெழுத்திடும் முன் துணைத்தலைவர் யார் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.