வாழ்வின் நோக்கத்துக்கு எத்தனை மார்க்? இரண்டு கேள்வித்தாள்கள்

மனிதனுக்கு மகிழ்ச்சி முக்கியமா, அர்த்தம் முக்கியமா என்ற இருத்தலியல் கேள்வியை எண்ணாக்கித் தரும் உளவியல் கருவிகள் பல இருக்கின்றன. அவற்றில் இன்றும் அதிகம் புழங்குபவை இரண்டு. ஒன்று, ஆஸ்திரிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் சிந்தனையை அடியொற்றி க்ரம்பாவும் மஹோலிக்கும் 1964இல் வெளியிட்ட ‘பர்ப்பஸ் இன் லைஃப்’ (வாழ்வின் நோக்கம்) தேர்வு. இன்னொன்று, மைக்கேல் ஸ்டீகரும் மற்ற மூவரும் 2006இல் கொண்டுவந்த ‘மீனிங் இன் லைஃப்’ (வாழ்வின் அர்த்தம்) கேள்வித்தாள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒன்றுதான் வேண்டுமென்றால் இரண்டாவதை எடுங்கள். முதலாவது மோசம் என்பதல்ல. அது எதை அளக்கிறது என்பதே குழப்பம்.

1964ஆம் ஆண்டுத் தேர்வில் 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள், நடுவே 1 முதல் 7 வரை எண்கள். மொத்தம் 20இலிருந்து 140 வரை வரும். 92க்குக் கீழே என்றால் தெளிவான நோக்கம் இல்லை, 112க்கு மேலே என்றால் திடமான நோக்கம் இருக்கிறது, இடைப்பட்டது இழுபறி என்பது கணக்கு. நோக்கமுள்ள முனையில் எப்போதும் 7தான் இருக்கும், ஆனால் அந்த முனை சில கேள்விகளில் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரிசையில் வட்டமிடுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இதைக் கணினிப் படிவமாக மாற்றும்போது எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக 1, 2, 3 என்று அடுக்கிவிட்டால் பாதி மதிப்பெண் தலைகீழாகிவிடும். எண்கள் சரியாக இருந்தால் வெறுமனே கூட்டினால் போதும். முடிக்க வேண்டிய 13 வாக்கியங்களும், தன் லட்சியங்களைப் பற்றி எழுதும் ஒரு பத்தியும் இதோடு உண்டு. அவற்றுக்கு மதிப்பெண் இல்லாததால் பலரும் கொடுப்பதே இல்லை. அதுதான் இதில் உருப்படியான பகுதி என்பேன்.

சிக்கல் கேள்விகளின் கலவையில் இருக்கிறது. சலிப்பாக இருக்கிறதா, ஒவ்வொரு நாளும் புதிதாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவந்த ஒருவருக்கு எல்லா நாளும் ஒரே மாதிரிதான். அவருக்கு நோக்கத்தில் குறையில்லை, உற்சாகத்தில்தான் குறை. தேர்வு இரண்டுக்கும் சேர்த்து மார்க்கைக் குறைக்கிறது. மனிதன் முழுச் சுதந்திரம் உள்ளவனா, சூழலுக்கும் பரம்பரைக்கும் கட்டுப்பட்டவனா என்றும் ஒரு கேள்வி. மனிதன் முழுச் சுதந்திரம் உள்ளவன் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் கூசாமல் 7 போட்டிருப்பார். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று நம்புகிறவர் இங்கே அடிவாங்குவார். அது அவருடைய தத்துவம், நோக்கமின்மை அல்ல.

இதைவிடக் கவனிக்க வேண்டியது தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி. ஒருவர் மற்ற 19 கேள்விகளுக்கும் 6 போட்டு, இதில் மட்டும் 1, அதாவது தற்கொலையைத் தீவிரமாக யோசித்ததுண்டு என்று, போடுகிறார் என்று வையுங்கள். மொத்தம் 115. ‘திடமான நோக்கம்’ என்ற பிரிவில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆகவே இந்தத் தேர்வைத் தருபவர் கூட்டலுக்கு முன்னால் அந்த ஒரு விடையைப் பார்த்தே ஆக வேண்டும். எண் தாழ்ந்திருந்தால் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு அவரோடு பேச வேண்டும், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நீளம்தான் தொல்லை என்றால் 3, 4, 8, 20 ஆகிய நான்கு கேள்விகளை மட்டும் கொண்ட சுருக்க வடிவம் 2010இல் வந்தது. அது லட்சியம், அர்த்தம் என்ற எல்லைக்குள்ளேயே நிற்பதால் மேலே சொன்ன குழப்பம் குறைவு.

2006ஆம் ஆண்டுக் கேள்வித்தாளில் மொத்தமே பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை சொல்ல வேண்டும், ஐந்து நிமிட வேலை. சிறப்பு என்னவென்றால் அர்த்தம் இருப்பதையும் அர்த்தத்தைத் தேடுவதையும் தனித்தனியாக அளக்கிறது. 1, 4, 5, 6, 9 ஆகியவை இருப்பு. 2, 3, 7, 8, 10 தேடல். ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 35 வரை. ஒன்பதாவது வாக்கியம் எதிர்மறையானது, எனவே போட்ட எண்ணை 8இலிருந்து கழித்துச் சேர்க்க வேண்டும். இருப்பின் மற்ற நான்கு வாக்கியங்களுக்கு 6, 6, 7, 6 போட்டவர் ஒன்பதாவதில் 2 போட்டிருந்தால் அது 6 ஆகும், மொத்தம் 31. திருப்ப மறந்தால் 27தான். பத்தையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது இதைவிடப் பெரிய தவறு. அப்படி ஒரு எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

தேடுகிறவர் வெறுமையில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அமெரிக்காவில் இருப்பும் தேடலும் எதிரெதிராகப் போயின. ஜப்பானில் இரண்டும் சேர்ந்தே ஏறியதை 2008இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டிலும் 24ஐத் தாண்டியவர், ஒன்றில் மட்டும் தாண்டியவர் என்று நான்கு வகையாக ஸ்டீகர் தரும் விளக்கம் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் 24க்கும் 25க்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை.

இனி, இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை. நோக்கம் எங்கோ கிடக்கும் பொருள், அதைக் கண்டெடுத்தவர் பாக்கியசாலி என்ற தொனியிலேயே வாக்கியங்கள் அமைந்திருக்கின்றன. ஃபிராங்கல் இதற்கு உடன்படுவார். அர்த்தம் கண்டறியப்பட வேண்டியது என்பதே அவர் நிலை, மகிழ்ச்சி அதன் பின்னால் தானாக வரும் என்பார். சார்த்தர் 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் சொன்னது வேறு: காகிதம் வெட்டும் கத்தி ஒரு பயனுக்காகச் செய்யப்படுகிறது, மனிதன் அப்படிச் செய்யப்பட்டவன் அல்ல, தன் செயல்களால்தான் அவன் ஆகிறான். கிரேக்கப் புராணத்தில் ஓயாமல் பாறை உருட்டும் சிசிஃபஸை, அந்த வேலையில் அர்த்தமே இல்லாதபோதும், மகிழ்ச்சியானவனாகவே எண்ண வேண்டும் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவுக்கு இருப்புப் பகுதியில் பத்துகூடத் தேறாது.

வீட்டார் கையில் கொடுத்த லட்சியத்தைத் தன்னுடையதென்று நம்பி எல்லாவற்றுக்கும் 7 போடுகிறவரை இந்தக் கருவிகளால் பிடிக்க முடியாது. தனக்கென்று உண்மையாக இருப்பதா, இரவல் வாங்கியதா என்பது டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்டின் பிரதானக் கவலை. இங்கே அதற்கு ஒரு கேள்விகூட இல்லை. கைவைத்தியம் ஒன்று உண்டு. தாளின் பின்பக்கத்தில், சொன்ன நோக்கத்துக்காகக் கடந்த ஏழு நாளில் செய்த காரியங்களை மணிக்கணக்கோடு எழுதச் சொல்லுங்கள். முன்பக்க எண்ணும் பின்பக்கப் பட்டியலும் ஒத்துப்போகாத இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

1964ஆம் ஆண்டுத் தேர்வு விலைக்கு விற்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக் கேள்வித்தாளை ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் சிகிச்சைக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம், வணிகத்துக்குக் கூடாது. ஆளெடுப்பு நேர்காணலில் இரண்டுமே வேண்டாம்: எந்த விடைக்கு மார்க் அதிகம் என்பது படித்தவுடனே தெரிந்துவிடும், வேலை வேண்டுபவர் அதைத்தான் போடுவார்.