வேலை போன அன்று ராத்திரி எங்கே படுப்பது?

காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகள் 18 வயது முடிந்தால் வெளியே வந்தாக வேண்டும். தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓசூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். சிப்காட்டில் ஏதாவது வேலை கிடைத்துவிடும். தங்க இடம் என்று பார்த்தால் கம்பெனி விடுதி, வாடகை ரூம், காப்பகத்தை விட்டு வந்தவர்களுக்கென்றே இருக்கும் பிற்காப்பு இல்லம் என மூன்று வழி. வேலை போன அன்று ராத்திரி எங்கே படுப்பது என்ற கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறேன்.

வந்த வேகத்தில் இடம் கிடைப்பது கம்பெனி விடுதியில்தான். அட்வான்ஸ் இல்லை, மெஸ் உண்டு, ஷிப்டு பஸ் வாசலுக்கே வரும். பெண்பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கான்ட்ராக்ட் முடிந்து அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கட்டிலும் சேர்ந்து போய்விடும். பொங்கல் லீவில் விடுதியே காலியாகும்போது, ஊர் என்று ஒன்று இல்லாதவன் என்ன செய்வான்?

வாடகை ரூமில் அந்தப் பயம் குறைவு. அட்வான்ஸ் கழிகிற வரைக்குமாவது கூரை இருக்கும். அந்த அட்வான்ஸைப் புரட்டுவதுதான் பாடு. வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் "அப்பா என்ன பண்றார்?" என்பார். காப்பகம் என்று சொன்னால் பேச்சு அங்கேயே சுருங்கிவிடும். உள்ளே போன பிறகும், கூட இருப்பவன் ஒருத்தன் காலி செய்தால் அவன் பங்கு மற்றவர்கள் தலையில்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-ஆவது பிரிவில் வருவது பிற்காப்பு. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. ஆறு முதல் எட்டு பேர் தற்காலிகமாகச் சேர்ந்து தங்குவது, சம்பாதிக்கிறவன் வாடகையில் பங்கு போடுவது, கொஞ்சம் சேர்த்துக்கொண்டு தனி இடம் பார்த்துப் போவது என்பதுதான் ஏற்பாடு. வேலை போனாலும் படுக்கை போகாது. குறையும் இருக்கிறது: எல்லா மாவட்டத்திலும் இல்லம் கிடையாது, ராத்திரி ஷிப்டுக்கும் இல்லத்து நேரத்துக்கும் ஒத்துவராது.

முதல் ஒரு வருடம் இல்லம், அங்கே பழகிய ஒன்றிரண்டு பேரோடு பிறகு ரூம் என்பது என் கணக்கு. இல்லம் கிடைக்காவிட்டால் கம்பெனி விடுதியில் இருந்துகொண்டே, அட்வான்ஸுக்கு முதல் சம்பளத்திலிருந்தே ஒதுக்க வேண்டும்.

எப்படியானாலும் வெளியேற இரண்டு மாதம் இருக்கும்போதே, பிற்காப்புக்கான திட்டம் குழந்தைகள் நலக்குழுவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் போய் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பரையும் அதற்குள் பிள்ளையின் பெயரில் வாங்கிய நம்பராக மாற்றிவிடுங்கள். பழைய நம்பர் வார்டனுடையது என்றால், பிஎஃப் பணம் எடுக்கப் போகும்போது ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும்.