120 ரூபாய் நெத்திலி

ஆறு வருடம் கழித்து ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். சித்தி வீடு மாமல்லபுரத்தில். விமானம், டாக்சி, ஈசிஆர் எல்லாம் ஒழுங்கு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சித்தி பையன் போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டான். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக்கூட இப்போது டிக்கெட்டாம். பாவாடை கிழியக் கிழிய நாங்கள் சறுக்கி விளையாடிய இடம்! சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது மீன் கதை.

காலை எட்டு மணிக்கு ஒயர்கூடையோடு கரைக்குப் போனேன். பழைய வழக்கம் தெரியும்தானே? படகு வரும்வரை நிற்க வேண்டும், சொன்ன விலையில் பாதிக்குக் கேட்க வேண்டும், திட்டு வாங்க வேண்டும், அப்புறம் நடுவில் ஒரு விலைக்கு முடியும். அப்பா அதில் கெட்டிக்காரர். இப்போது கட்டுமரம் கண்ணில் படவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வரிசையாக ஃபைபர் படகுகள். மீன் இறக்கிய கையோடு சிலர் சுற்றுலா வந்தவர்களை ஏற்றி ஒரு ரவுண்டு அடிக்கிறார்கள். ஒத்தவாடைத் தெரு முழுக்கக் காபிக் கடைகளும் தங்கும் அறைகளும். ஒரு பலகையில் ‘கலமாரி, 450 ரூபாய்’ என்றிருந்தது. பிறகு சித்தியிடம் சொன்னபோது, “நம்ம கடம்பாவுக்கா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு அம்மாவிடம் நெத்திலி பளபளவென்று இருந்தது. கூறு 150 என்றார், நான் 80 என்றேன், திட்டினார், 120-க்கு முடிந்தது. ஒரே சந்தோஷம், அப்பாவே பக்கத்தில் நின்ற மாதிரி. 500 ரூபாய் நோட்டை நீட்டினேன்.

“சில்லறைக்கு நான் எங்க போவேன் கண்ணு? ஜீபே பண்ணிடு.”

குடைக்கம்பில் கட்டித் தொங்கியது கியூஆர் அட்டை. நான் இருப்பது ஸ்டுட்கார்ட்டில். அங்கே எங்கள் தெரு பேக்கரியில் கார்டு வாங்க மாட்டார்கள், ரொட்டிக்கு இன்னும் சில்லறை பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜீபே ஓடுவது யூபிஐயில். வெளிநாட்டுப் போன் எண்ணிலேயே அதைப் போட 2023-இல் அனுமதித்த முதல் பட்டியலில் பத்து நாடுகள். சிங்கப்பூர் உண்டு, அமெரிக்கா உண்டு, ஓமன்கூட உண்டு. ஜெர்மனி இல்லை. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

“எந்த ஊரு?”

“ஜெர்மனிம்மா.”

“அங்க ஜீபே இல்லியா?” பக்கத்துக் கூடைக்காரியைத் திரும்பிப் பார்த்தார். “பாவம்.”

அந்தப் ‘பாவம்’ இன்னும் காதில் இருக்கிறது. இருபது வருடமாக ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை அது.

விடாமல் சில்லறை தேடிக் கிளம்பினேன். இளநீர்க்காரர் அட்டையைக் காட்டினார். டீக்கடையிலும் அட்டை. சங்கு பாசிமணி விற்ற பையன் நோட்டை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஏடிஎம்மில் இன்னும் இரண்டு 500 கிடைத்தன, அதை வைத்து என்ன செய்ய! மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பி வந்து சொன்னதற்கு அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “120-க்குப் பேசிட்டு 500 குடுக்கிறியா? எடுத்துட்டுப் போ, நாளைக்குக் குடு.” மறுநாள் எனக்கு விமானம்.

கடைசியில் சித்திக்குப் போன் போட்டேன். எழுபத்திரண்டு வயது. நான் அட்டையைப் படம் பிடித்து அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மீன் கூடைக்குப் பின்னாலிருந்த சின்னப் பெட்டி ‘நூற்றிருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று கடற்கரைக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

தலை உயர்த்தி நடந்து, அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் நெத்திலியைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். முப்பது ரூபாய் கேட்டார். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் செதில் ஒட்டிக்கொண்டு ஒரு அட்டை.

சித்திக்கு மறுபடியும் போன் போட்டேன்.